அளந்தது எதனை?

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிம்பாங் அம்பாட் வட்டாரத்திலுள்ள எங்கள் தோட்டப் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் பார்வைக் குறையுடையவன் என்று ஒரு சீட்டு வந்தது. சுவரில் மாட்டிய எழுத்துகளை அவன் படிக்கவில்லையாம். படிப்பதெங்ஙனம்? அவனுக்கு எழுத்தே தெரியாது!

நூறு முறை சோதித்தாலும் அவன் நூறு முறையும் தவறியிருப்பான். முடிவு மாறாமை நம்பகம். அளக்கப் புகுந்ததையே அளத்தல் ஏற்புடைமை. ஆசிரியப் பயிற்சியில் இவ்விரண்டையும் நெட்டுருச் செய்து ஒப்புவித்தவன்தான் நானும்.

இச்சிக்கலை உணர்ந்து ஆய்ந்தோருள் ஒருவர் ரிவர்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் அவரும் இருந்தார். தீவு மக்களின் கண் ஐரோப்பியரினும் பன்மடங்கு கூரியது எனப் பயணிகள் எழுதிவந்த காலம் அது. எழுத்தறியாதாரைப் படிக்கச் சொல்லவில்லை ரிவர்ஸ். முப்பல் சீப்புப் போன்ற ஆங்கில 'ஈ' எழுத்தைப் பலவாறு திருப்பிக் காட்டி, கையிலுள்ள அட்டையை அவ்வாறே திருப்பச் செய்தார். வியத்தகு வேறுபாடு தென்படவில்லை. அவர்தம் கூர்மை, கண்ணினும் பழகிய கவனத்திலேயே மிகுதியும் இருந்தது.

பின்னர் அவர் தமிழகத்து நீலகிரிக்கு வந்து, 1901-02-இல் தொதவர்களை ஆய்ந்தார். ஒரே நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றன் முனைகளில் சிறகுகள் உள்நோக்கி மடிந்திருக்கும், மற்றொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நெடிதெனத் தோன்றும். இம்மயக்கத்தில் தொதவர் ஆங்கிலேயரினும் குறைவாகவே ஏமாந்தனர்! ஆனால் நிமிர்ந்த கோட்டையும் கிடந்த கோட்டையும் ஒப்பிடுகையில் அவர்களே மிகுதியாக ஏமாந்தனர். ஒன்றில் மேல், மற்றொன்றில் கீழ் எனின், இக்கோடுகள் அறிவின் உயர்வு தாழ்வை அளந்தன என்பது யாங்ஙனம் பொருந்தும்?

பின் எதனைத்தான் அளந்தன? நேர்க்கோணச் சுவர்களிடையே வாழ்வோரின் கண்பழக்கத்தை என்றனர், 1966-இல் நூல் வெளியிட்ட சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும். இக்கேம்பலே 1957-இல் ஆய்வுகளின் அக ஏற்புடைமையையும் புற ஏற்புடைமையையும் பிரித்துக் காட்டியவர். அரைப்பீப்பாய் போல் வளைந்த தொதவர் இல்லத்தை எண்ணுங்கால் இக்கருத்து என்னைக் கவர்கிறது. எனினும் விழித்திரையின் நிறமியே காரணம் என்று வாதிட்டோரும் உளர்.

எங்கள் சிறுவனுக்குப் பழைய நாட்காட்டி அட்டையில் 'ஈ' ஒன்று வெட்டிக் கொடுத்தேன். கடைசி வரிசை வரை பிழையின்றித் திருப்பிக் காட்டினான்.