பெருக்குவதற்கு முன் கழித்தல்

காலேஜ் கடைசி வருடத்தில் ஈசிஜி எடுக்கும் சர்க்யூட் ஒன்றைச் செய்தேன். ஆம்ப்ளிஃபையரின் பெருக்கம் ஆயிரம் மடங்கு. இரண்டு கையிலும் எலக்ட்ரோடு ஒட்டிவிட்டு ஆஸிலோஸ்கோப்பைப் பார்த்தால் இதயத்துடிப்பைக் காணோம்! திரை முழுக்கத் தடியாக ஒரு 50 ஹெர்ட்ஸ் அலை. ட்யூப்லைட்டை அணைத்தோம், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினோம். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பெருக்கத்தைக் கூட்டினால் அந்த அலையும் கூடவே பெரிதானது.

பிறகு இந்தத் துறையின் பழைய கதையைப் படித்தபோதுதான், என்னுடைய தலைவலி எவ்வளவு பழசு என்று தெரிந்தது.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். தோலின் மேல் இதயத்தின் சிக்னல் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். தலைத்தோலில் மூளை அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட். வீட்டு வயரிங்கிலிருந்து உடம்பில் ஏறி உட்காரும் மின்னழுத்தமோ இவற்றைவிடப் பல நூறு மடங்கு இருக்கலாம். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்கிற வேலை இது.

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் 1901-இல் அறிவித்த கருவியில் எலக்ட்ரானிக் பெருக்கியே கிடையாது. வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்று பெரிய மின்காந்தத்தின் நடுவே அசையும், அந்த அசைவின் நிழலைப் படமெடுப்பார்கள். எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதே 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையைப் பதிவு செய்தார். 1929-இல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. தசை அசைவோ, கருவியின் கோளாறோ என்றார்கள். சிக்னல் அவ்வளவு சின்னதாக இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

சந்தேகம் தீர்ந்தது கேம்பிரிட்ஜில், 1934-இல். ஏட்ரியனும் மேத்யூஸும் பெர்கர் சொன்னது உண்மைதான் என்று காட்டினார்கள். அதே வருடம் மேத்யூஸ் தன் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையரைப் பற்றியும் எழுதினார். படகில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையில் படகு எவ்வளவு ஏறி இறங்கினாலும் அவர்களின் உயர வித்தியாசம் மாறாது. கரண்ட் கம்பியின் இரைச்சல் இரண்டு எலக்ட்ரோடிலும் ஒரே மாதிரி ஏறுகிறது, அது படகு. உடம்பின் சிக்னல்தான் உயர வித்தியாசம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் படகு போய்விடும்.

ஆனால் படகு ரொம்ப ஆடினால் கழித்தலும் பிசகும். அதனால் அந்தப் பொதுவான இரைச்சலைத் தலைகீழாக்கி வலது காலில் மூன்றாவது ஒயர் வழியாகத் திருப்பிக் கொடுப்பார்கள், படகே அடங்கிவிடும். வின்டரும் வெப்ஸ்டரும் 1983-இல் இதன் வடிவமைப்பை விளக்கமாக எழுதினார்கள். என் ப்ராஜெக்ட்டைக் காப்பாற்றியது அந்த ஒயர்தான். ஒட்டியதும் திரையில் கூரான துடிப்பு வந்தது. நான்கு பேரும் கத்திவிட்டோம்.

வெளியிலிருந்து வரும் இரைச்சலைக் கழிக்கலாம். டிரான்சிஸ்டர் தானே எழுப்பும் இரைச்சலை என்ன செய்வது? இங்கே கழித்தல் செல்லாது, விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும். விலை கரண்ட். அடிப்படை வெப்ப இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கரண்ட் தேவை. இந்த பேரத்தை அளக்க லூவன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெயர்ட், சான்சன் குழு 1987-இல் ஒரு எண்ணைத் தந்தது. அதே கரண்டை வைத்து ஒற்றை பைபோலார் டிரான்சிஸ்டர் எவ்வளவு இரைச்சல் எழுப்புமோ, அதைப்போல நம் சர்க்யூட் எத்தனை மடங்கு எழுப்புகிறது என்பதே அந்த எண். டிரான்சிஸ்டருக்கு 1. குறையக் குறைய நல்லது.

2003-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹாரிசனும் சார்ல்ஸும் நரம்பு சிக்னலுக்காகச் செய்த சிப் ஆம்ப்ளிஃபையருக்கு அந்த எண் 4. இரைச்சல் 2.2 மைக்ரோவோல்ட், மின்செலவு 80 மைக்ரோவாட். உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களை அகலமாக்கி, முழுசாக ‘ஆன்’ ஆகாத அரைத்தூக்க நிலையில் ஓட்டினார்கள். கொடுத்த கரண்டுக்கு அதிக வேலை அந்த நிலையில்தான் கிடைக்கும்.

80 மைக்ரோவாட் பெரிய விஷயமா? மூளையில் நூறு ஊசிகள் கொண்ட எலக்ட்ரோடு வைத்தால் ஊசிக்கு ஒன்றாக நூறு பெருக்கி: 8 மில்லிவாட். இரைச்சலை இன்னும் பாதியாக்குகிறேன் என்று கிளம்பினால் 32. அத்தனையும் கடைசியில் சூடாகும், பக்கத்தில் இருப்பது மூளைத் திசு. உடம்புக்குள் பேட்டரி வைத்த கருவியென்றால், அது சீக்கிரம் தீர்ந்தால் மறுபடியும் ஆபரேஷன்.

ஐந்தோவனின் நோயாளி உப்புத் தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த நோயாளிக்குக் கருவி உடம்போடே இருக்கிறது. அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் படித்தால் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று நான் பார்ப்பதில்லை. எதைக் கழித்தது, அதற்கு எவ்வளவு கரண்ட் குடித்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.