கணக்கப்பிள்ளை முதல் வணிகப் பட்டதாரி வரை

வணிகப் பட்டம் பெற்றவருக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும், எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்னும் வினா, ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளையில் நம் ஆசிரியர்களை நாடி வருகின்றது. இவ்வினாவைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். கல்வி அறிவின் பொருட்டா, ஊதியத்தின் பொருட்டா என்று அவர்கள் கேட்பர். மாதாமாதம் வருமானம் குறைவின்றி வரும் வீட்டிலிருந்து இவ்வாறு கேட்பது எளிது. காணியை ஈடுவைத்தும் கழுத்துச் சங்கிலியை அடகுவைத்தும் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பிய தாய்தந்தையருக்கோ இது வயிற்றுப் பிரச்சினை. வினா நியாயமானதே, அதற்கு நாம் அளிக்கும் விடைதான் குறையுடையது. இன்ன பதவி, இன்ன தொகை என்று ஒரு பட்டியலை ஒப்புவிப்பதோடு விடை முடிந்துவிடுகின்றது. நாட்டின் வணிகம் யார் கையில் இருக்கின்றது, அக்கை எவருக்குக் கதவு திறக்கின்றது என்பதே இங்கு கணக்குப் படித்தவனின் விலையைக் காலந்தோறும் தீர்மானித்து வந்துள்ளது. இலங்கையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றை இந்நோக்கில் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுடைத்து.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கியபோது அவர்கள் விரும்பியது தம் மதத்தைப் பரப்பும் சுதேச ஊழியரை உருவாக்குவதே. கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் அங்கு உயர்ந்த தரத்திற் போதிக்கப்பட்டன. ஆயின், பத்தாண்டுகளுக்குள் வேறொரு காற்று வீசத் தொடங்கிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் 1833இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகங்கள் திறந்துவிடப்பட்டன. இதனைத் தாராள மனப்பான்மையின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வது பிழை. குடியேற்ற நாட்டின் வரவுசெலவில் அன்று துண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்படும் உத்தியோகத்தனைவிட உள்ளூர் இலிகிதன் மலிவானவன். இந்நாட்டுக் கற்றோர் உத்தியோகத்தின் வரலாறு, மலிவு என்னும் இச்சொல்லோடுதான் ஆரம்பமாகின்றது.

செமினறி மாணவர் காற்றின் திசையை விரைவில் அறிந்துகொண்டனர். சமயப் பணிக்கென வார்க்கப்பட்டவர்கள் கச்சேரி மேசைகளை நோக்கி நடந்தனர். ஆங்கிலக் கல்வி ஊழியரை உருவாக்காது உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது என்று மனக்கசப்புற்ற மிஷன், 1855இல் செமினறியை மூடிற்று. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் புதிதாகத் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியராகவே தாமோதரம்பிள்ளையை இலக்கிய மாணவர் அறிவர். அவருடைய சீவியம் நடந்தது ஆசிரியத் தொழிலாலும், சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குச் சாலை உத்தியோகத்தாலும், பின்னர் புதுக்கோட்டை நீதிபதிப் பதவியாலுமே. தமிழுக்குக் கலித்தொகைப் பதிப்பைத் தந்த கை, பகலில் அரசாங்கப் பேரேடுகளைச் சரிபார்த்த கை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியைச் சோம்பலின் வாசகமென்று சிலர் பழிப்பர். வானம் பார்த்த நிலத்தில், துண்டு துண்டாகப் பிரிந்த காணியில், புகையிலையின் விலையை நம்பி வாழ்ந்த ஒரு குடியானவக் குடும்பம், மாதம் தவறாத சம்பளத்தையும் முதுமைக்கு ஓய்வூதியத்தையும் கண்டபோது சொன்ன சொல் அது. அதிற் பொருளாதார அறிவே நிறைந்துள்ளது. உள்ளூரில் உத்தியோகம் போதாதபோது அதே கல்வி கப்பலேறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் அளவைப் பகுதியிலும் யாழ்ப்பாணத்து இலிகிதர்கள் நிறைந்தனர். அவர்கள் அனுப்பிய மணியோடர்கள் கிராமங்களிற் கல்வீடுகளாகவும் கோயில் மண்டபங்களாகவும் சீதனங்களாகவும் மாறின. தொழிற்சாலைகளாக மாறியவை மிகச் சில.

இதே காலத்தில் இலங்கையின் உண்மையான பெருவணிகம் மலைநாட்டிலும் கொழும்புக் கோட்டையிலும் நடந்துகொண்டிருந்தது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட், எயிற்கன் ஸ்பென்ஸ் முதலிய ஏஜென்சிக் கம்பனிகள் தேயிலைத் தோட்டங்களின் கணக்கு, கப்பல், காப்புறுதி அனைத்தையும் தம் கைக்குள் வைத்திருந்தன. மேலதிகாரிகள் பிரித்தானியாவிலிருந்து வந்தனர். அவர்களுக்குப் பட்டத்தைவிடப் பாடசாலைத் தொடர்பும் குடும்பத் தொடர்புமே தகுதியாயின. சுதேசிக்கு இலிகிதர் ஆசனம் கிடைத்தது. வங்கிகளின் நிலையும் அதுவே. பிரித்தானிய வங்கிகள் சுதேச வணிகனுக்கு நேரே கடன் கொடாது, சுறொப்பு என்னும் இடைத்தரகரின் பிணையை வேண்டின. 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்ததன் பின்னரே 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று.

தோட்டத்திலோ கணக்கு வேறொரு முகத்தைக் காட்டிற்று. துரைக்குங் கங்காணிக்கும் இடையே நின்ற கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த செக்றோல் ஒரு சிறு கொப்பிதான். அன்றைய கொழுந்து நிறை போதாதெனின் தொழிலாளியின் நாளுக்கு எதிரே அவர் அரைப்பேர் போடுவார். பகல் முழுவதும் மலைச்சரிவில் நின்றவளுக்கு அரைநாட் கூலி. கூட்டல் கழித்தலில் யாதொரு பிழையும் இராது. பேரேடு சரியாகவே நிறுவையாகும். தோட்டக் கந்தோரில் அப்பேரேட்டை எழுதிய கிளாக்கர்மாருள் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரே மொழி பேசிய இருவருள் ஒருவர் மாதச் சம்பளக்காரர், மற்றவர் நாட்கூலி. அவ்விருவருக்கும் இடையே கிடந்த தூரத்தை நம் இலக்கியமும் நீண்டகாலம் எட்டிப் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது, அரசாங்க உத்தியோகம் என்னும் ஏணி அவர்தம் பிள்ளைகளுக்கு முற்றாக எடுக்கப்பட்டது.

மலிவான இலிகிதன் என்றும் மௌனமாக இருந்தான் அல்லன். 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில், வெள்ளைச் சட்டையணிந்த அரசாங்க எழுதுவினைஞர்கள் துறைமுகத் தொழிலாளரோடும் பட்டறைத் தொழிலாளரோடும் வீதியில் இறங்கினர். அவர்கள் கோரியவற்றுள் தொழிற்சங்க உரிமையும் அரசியல் உரிமையும் அடங்கும். யூன் 5ஆந் திகதி கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலீசார் சுட்டனர். எழுதுவினைஞர் சங்கத்தைச் சேர்ந்த வே. கந்தசாமி உயிரிழந்தார். தமிழ் இலிகிதன் ஒருவனின் குருதி சிங்களத் தொழிலாளரின் நடுவே சிந்திய அந்த நாளை இன்றைய வணிக மாணவர் எத்தனை பேர் அறிவர்? அவர்களுடைய பாடத்திட்டத்தில் 'கைத்தொழில் உறவுகள்' என்றோர் அத்தியாயம் உண்டு. கந்தசாமியின் பெயர் அங்கு காணப்படுவதில்லை.

வேலைநிறுத்தத்தின் பின் வேலைநீக்கஞ் செய்யப்பட்டோருள் ஒருவர் அச்சங்கத்தின் தலைவர் ரி. பி. இலங்கரத்ன. 'அம்ப யாளுவோ' என்னும் சிங்களச் சிறுவர் நவீனத்தின் ஆசிரியரும் அவரே. அரசாங்கம் வெளியே தள்ளிய இந்த இலிகிதர், 1960இன் பின் அரசாங்கத்தினுள் வர்த்தக அமைச்சராக அமர்ந்திருந்தார். 1961இல் மக்கள் வங்கி உருவாயிற்று. இலங்கை வங்கி அரசுடைமையாயிற்று. காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் சட்டமாயின. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை எடுத்ததற்காக 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. இந்நிகழ்ச்சிகளை அரசியல் வரலாறாக மட்டுமே நாம் படித்துள்ளோம். உத்தியோக வரலாற்றிலும் இவை ஒரு திருப்பம். வங்கி, காப்புறுதி, எண்ணெய் விநியோகம் ஆகிய துறைகளில், அந்நியக் கம்பனிகளின் விருந்தினர் விடுதிப் பழக்கமில்லாத கிராமத்துப் பிள்ளை பரீட்சை எழுதி உள்ளே செல்லும் வழி அப்பொழுதே அகலமாகத் திறந்தது. 1959இல் பல்கலைக்கழகமான வித்தியோதயத்தில் நிருவாகவியற் கல்வி வேரூன்றியதும், பட்டயக் கணக்காளர் நிறுவகம் அதே ஆண்டில் சட்டத்தால் அமைந்ததும் இச்சூழலிலேயே. வணிகப் பட்டத்துக்கு இந்நாட்டில் ஒரு சந்தை உண்டாயிற்றென்றால், அச்சந்தையின் பெரும்பகுதியை ஆக்கியது அரசுடைமையே. இன்று அரசுடைமையை ஏளனஞ் செய்யும் முகாமைத்துவ விரிவுரையாளர் சிலரின் இருக்கைக்கும் அடித்தளம் அங்குதான் இடப்பட்டது.

எனினும் திறந்த அவ்வழி எல்லோருக்கும் ஒரே அகலமுடையதாய் இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் உத்தியோகத்தரின் பதவியுயர்வை மொழிப் பரீட்சையோடு பிணைத்தது. புதிதாகச் சேர விரும்பிய தமிழ் இளைஞருக்கு வாயிற்படியிலேயே தடை நின்றது. மறுபுறம், தனியார் கம்பனிகளின் மேல்மாடியில் ஆங்கிலம் அசையாது வீற்றிருந்தது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைக்கலாயினர். தாய்மொழியிற் கணக்கியல் பயின்ற சிங்கள மாணவனையும் தமிழ் மாணவனையும் அவ்வாள் ஒரே வகையாக வெட்டிற்று. வெட்டுண்ட இருவரும் ஒருவரையொருவர் பகைக்கப் பயிற்றப்பட்டனர் என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி.

1945இல் வந்த இலவசக் கல்வி கற்றோர் தொகையைப் பெருக்கிற்று. பொருளாதாரம் அதே வேகத்தில் வேலைகளைப் பெருக்கவில்லை. 1971 ஏப்பிரலில் தென்னிலங்கையில் வெடித்த கிளர்ச்சியில் ஆயுதமேந்தியோருட் பலர் படித்த கிராமத்து இளைஞர். அதே ஆண்டில் டட்லி சியர்சின் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையை எடுத்துரைத்தது. ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட, சான்றிதழை ஒரு நோயாக வருணிக்கும் நூலில் ஆராய்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வேலைகள் அருகுமிடத்தில், முன்னர் பாடசாலைச் சான்றிதழ் போதுமாயிருந்த ஆசனத்துக்குப் பின்னர் பட்டம் கேட்கப்படுகின்றது. ஆசனமோ அதே ஆசனம் என்பது அவர் கண்ட உண்மை. வங்கிக் கருமபீடத்தின் பின்னாலிருந்து காசெண்ணும் பட்டதாரிக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஆயின், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இளைஞருக்கு உபதேசிக்க இவ்வாராய்ச்சிகளைப் பயன்படுத்துவோரோடு நாம் உடன்படோம். உழுபவனின் மகன் மேசையை விரும்பியது குற்றமன்று. மேசைக்கும் வயலுக்குமிடையே கூலியிலும் மதிப்பிலும் அத்துணை பெரிய பள்ளத்தை வெட்டியவர் அவனல்லர்.

1977இன் திறந்த பொருளாதாரம் வணிகப் பட்டத்துக்குப் புதுப்பொலிவை அளித்தது. தனியார் வங்கிகளும் இறக்குமதி நிறுவனங்களும் பின்னர் தகவல் தொழில்நுட்பக் கம்பனிகளும் பெருகின. சம்பளமும் சிலருக்கு உண்மையாகவே உயர்ந்தது. அச்சிலர் யாவர் என்று கேட்கும்போது பழைய பிரிவு மீண்டுந் தலைகாட்டுகின்றது. பட்டத்தோடு பட்டயக் கணக்காளர் பரீட்சையையோ இங்கிலாந்தின் சீமா பரீட்சையையோ முடித்தவர், அக்கட்டணங்களைச் செலுத்த வல்லவர், ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சைக்கு அஞ்சாதவர், கொழும்பில் தங்க ஒரு வீடுள்ளவர். ஏனையோர் அரசாங்கத்தின் வாயிலை நோக்கினர். 2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவோரத்தில் அமர்ந்திருந்தனர். 2020இல் பட்டதாரிப் பயிலுனராகச் சேர்க்கப்பட்டோருக்கு மாதம் 20,000 ரூபா வழங்கப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் நாணயம் வீழ்ந்தபோது, மாதச் சம்பளம் எத்தொகையாயினும் அதன் வாங்குசக்தி எங்கு தீர்மானிக்கப்படுகின்றது என்பதைக் கணக்கியல் படித்தோரும் படியாதோரும் எரிபொருள் வரிசையில் ஒன்றாக நின்று கற்றனர்.

ஆகவே, நம்மிடம் வரும் மாணவிக்கு என்ன கூறுவது? வணிகம் படிக்காதே என்று கூறுவதற்கில்லை. பட்டத்தோடு ஆங்கிலமும் ஒரு தொழில்சார் பரீட்சையும் வேண்டும் என்பதை ஒளிக்காது சொல்ல வேண்டும். அதை அவள் குடும்பத்தால் தாங்கவியலாதெனின் பாடசாலையிலேயே மாலை வகுப்பு நடத்தும் பொறுப்பு நமக்குண்டு. அத்தோடு, கணக்கு யாருக்காக எழுதப்படுகின்றது என்பதையும் அவள் கற்க வேண்டும். இலாபநட்டக் கணக்கிற் கூலி செலவுப் பக்கத்தில் நிற்கின்றது. செலவைக் குறைப்பது திறமை என்று பாடநூல் கூறுகின்றது. அச்செலவுக்குள் அவளுடைய தாயின் கூலியும் இருக்கக்கூடும்.

மலையகத்தை நோக்கினால் இது தெளிவாகும். தோட்டங்களின் நிருவாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நாளுக்கு ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021இல் சம்பளச் சபையினூடாக வர்த்தமானியில் வந்தது; கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. உற்பத்திச் செலவு தாங்காது என்பது அவர்கள் வாதம். பேச்சுவார்த்தை மேசையில் அவ்வாதத்துக்குரிய புள்ளிகளைத் தயாரிக்கக் கம்பனிகளிடம் கணக்காளர் பலர் உளர். தாய்க் கம்பனிக்குச் செல்லும் நிருவாகக் கட்டணம் எவ்வளவு, இலாபம் எங்கே பதிவாகின்றது என்று ஆண்டறிக்கையைப் புரட்டி மறுவினா எழுப்பக்கூடியவர் மேசையின் மறுபக்கத்தில் அரியர். லயத்து வீடுகளிலிருந்து வணிகபீடங்களுக்குச் சென்று பட்டத்தோடு திரும்பிய இளைஞரும் யுவதிகளும் இன்று மலையகத்திலேயே இருக்கின்றனர். வங்கிக் கிளைகளிலும் பாடசாலைகளிலும் அவர்களைக் காண்கிறோம். தொழிற்சங்கக் கந்தோர்களில் அவர்களைக் காண்பது அரிது. மாதந்தோறும் செக்றோலில் கழிக்கப்படும் சந்தாப் பணத்திலிருந்து, அவர்களுள் ஒருவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து அமர்த்துவது எந்தப் பெரிய சங்கத்துக்கும் இயலாத காரியமன்று.