ஆஃப்ரோபாலிட்டன்: எல்லை தாண்டி வாழும் ஆப்பிரிக்கத் தலைமுறை

ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் வளர்ந்து, பல மொழிகள் பேசி, உலகின் பெருநகரங்களில் தொழில் செய்யும் இளைய தலைமுறையைக் குறிக்க ‘ஆஃப்ரோபாலிட்டன்’ என்ற சொல் வழங்கி வருகிறது. இச்சொல்லைப் பரவலாக்கியவர் எழுத்தாளர் தையே செலாசி. தந்தை கானாவைச் சேர்ந்தவர்; தாய் நைஜீரியத் தொடர்புடையவர்; பிறந்தது லண்டன்; வளர்ந்தது அமெரிக்கா. “எந்த ஊர்?” என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் கூற முடியாத இத்தலைமுறையைப் பற்றி 2005ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கேமரூனில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றும் சிந்தனையாளர் அசீல் எம்பெம்பேயும் இதே சொல்லைக் கையாண்டார். ஆப்பிரிக்கா என்றுமே மக்கள் வந்தும் போயும் கலந்தும் வாழ்ந்த கண்டம் என்பது அவர் கருத்து.

எதிர்ப்பும் உண்டு

இச்சொல்லை எல்லோரும் ஏற்கவில்லை. கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா 2012இல் நிகழ்த்திய உரையொன்றில், தாம் ஆஃப்ரோபாலிட்டன் அல்லர், அனைத்து ஆப்பிரிக்க ஒற்றுமையை நம்புபவர் என்று அறிவித்தார். நல்ல கடவுச்சீட்டும் கையில் காசும் உள்ள சிலருடைய வாழ்க்கையை ஒரு கண்டத்தின் முகமாகக் காட்டலாமா என்பதே விமர்சகர்களின் கேள்வி.

இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாடு விட்டு நாடு சென்ற ஆப்பிரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறொரு ஆப்பிரிக்க நாட்டில்தான் வாழ்கிறார்கள். 1983இல் நைஜீரிய அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் கானாவினர். அவர்கள் உடைமைகளைத் திணித்துக்கொண்டு புறப்பட்ட கட்டம் போட்ட மலிவுப் பைகளுக்கு ‘கானா போகட்டும்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. செலாசி 2013இல் வெளியிட்ட நாவலுக்கும் அப்பெயரையே சூட்டினார். விமான நிலையத்தில் நிற்பவரும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவரும் இந்த ஒரே வரலாற்றுக்கு உரியவர்கள்தாம்.

ஆகவே, யார் ஆஃப்ரோபாலிட்டன் என்ற பெயர்ச் சண்டையை விட, வெளியே சென்றவர்கள் ஊருக்கு எதைத் திருப்பித் தருகிறார்கள் என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது.

ஊருக்குத் திரும்பிய திறமை

சூடானில் பிறந்த மோ இப்ராஹிம் இத்தலைமுறைக்கு முன்னோடி. பிரிட்டனில் தொலைத்தொடர்புப் பொறியாளராக இருந்தவர், பெரிய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யத் தயங்கிய 1998இல் செல்டெல் என்ற கைப்பேசி நிறுவனத்தைத் தொடங்கினார். தரைவழித் தொலைபேசியையே காணாத ஊர்களுக்குக் கைப்பேசி சென்றது. 2005இல் அந்நிறுவனம் 340 கோடி டாலருக்குக் குவைத் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். நேர்மையாக ஆண்டு, காலம் முடிந்ததும் பதவியை விட்டு இறங்கும் ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு அது 50 லட்சம் டாலர் பரிசு தருகிறது. தகுதியானவர் இல்லையென்று பல ஆண்டுகள் பரிசு வழங்கப்படாமலே போனது குறிப்பிடத்தக்கது.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் மூண்டபோது, ஹார்வர்டில் சட்டம் பயின்ற ஓரி ஒகொல்லோவும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த அவருடைய நண்பர்களும் ‘உஷாஹிதி’ என்ற இணையதளத்தை உருவாக்கினார்கள். எங்கே வன்முறை நடக்கிறது என்று மக்களே குறுஞ்செய்தி அனுப்ப, அது வரைபடத்தில் பதிவானது. சுவாஹிலி மொழியில் உஷாஹிதி என்றால் சாட்சியம். ‘ஷஹாதத்’ என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்து வந்தது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது மீட்புப் பணிக்கும் இக்கருவி பயன்பட்டது.

பணம் அனுப்பும் கைகள்

சஹாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளுக்கு வெளியூர் உறவினர்கள் அனுப்பும் தொகை 2023இல் சுமார் 5,400 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. இது பள்ளிக் கட்டணமாகவும் மருந்தாகவும் வீட்டுக் கூரையாகவும் மாறும் பணம். வளைகுடாச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சோமாலியாவில் வங்கி அமைப்பே சிதைந்துபோன காலத்தில், அமானிதத்தை அடிப்படையாகக் கொண்ட ஹவாலா முறையே மக்களைக் காப்பாற்றியது. 1970இல் தொடங்கப்பட்ட தஹப்ஷீல் நிறுவனம், போரில் எல்லாம் அழிந்தபின் அகதிகளிடையே மீண்டும் எழுந்து பல நாடுகளில் கிளை பரப்பியது. 2013இல் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி, பணமோசடி அபாயத்தைக் காரணம் காட்டி, இத்தகைய நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவெடுத்தது. சோமாலியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் இவ்வழியில் வருவதாக அப்போது மதிப்பிடப்பட்டது. கணக்கு மூடப்பட்டால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. லண்டன் உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் தஹப்ஷீலின் கணக்கை மூடத் தற்காலிகத் தடை விதித்தது.

ஹர்கெய்சாவில் பிறந்த இஸ்மாயில் அஹ்மது, ஐ.நா. திட்டமொன்றில் நடந்த முறைகேட்டை வெளிப்படுத்தியதால் வேலையை இழந்தார். பின்னர் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு 2010இல் வேர்ல்ட்ரெமிட் என்ற இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயினும் 200 டாலர் அனுப்ப இன்றும் சராசரியாக 8 விழுக்காடு அளவுக்குக் கட்டணம் போகிறது. 2030க்குள் இதை 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு.

செனகல் நாட்டு முரீதுகளின் கதை வேறு வகை. பிரெஞ்சு ஆட்சியால் நாடு கடத்தப்பட்ட ஷைகு அஹ்மது பம்பாவின் வழிவந்த இவர்கள், உழைப்பையும் வணக்கத்தையும் இணைத்துப் பார்ப்பவர்கள். பாரிஸிலும் இத்தாலியிலும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் நடைபாதை வணிகத்தில் தொடங்கிக் கடைகள் வைத்தார்கள். அவர்கள் திரட்டிய நிதியில் தூபா நகரில் மருத்துவமனை எழுந்தது. ஆஃப்ரோபாலிட்டன் என்றதும் பொதுவாக யாருக்கும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உலகையே சந்தையாக்கிக்கொண்டு சொந்த ஊரை மறக்காதவர்கள் இவர்கள்.

இழப்பும் தடையும்

மறுபக்கமும் இருக்கிறது. நைஜீரிய இளைஞர்கள் நாட்டை விட்டுப் போவதை ‘ஜப்பா’ என்கிறார்கள். யொரூபா மொழியில் தப்பி ஓடுதல் என்று பொருள். அரசு செலவில் படித்த மருத்துவர்களும் செவிலியர்களும் பிரிட்டனுக்குச் சென்றுவிட, ஊர் மருத்துவமனைகளில் ஆளில்லை. அனுப்பும் பணம் ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவைத் தீர்க்கும். இல்லாத மருத்துவரைக் கொண்டுவராது.

உள்ளேயே பயணிப்பதும் எளிதல்ல. ஆப்பிரிக்காவின் பெரும் செல்வந்தர் அலிக்கோ டாங்கோட்டே, நைஜீரியக் கடவுச்சீட்டோடு கண்டத்தைச் சுற்றத் தமக்கு 35 விசாக்கள் தேவைப்படுவதாக 2024இல் கிகாலி மாநாட்டில் குறைபட்டார். அவருக்கே இந்த நிலை என்றால் சிறு வணிகரின் பாடு என்ன? கண்டம் தழுவிய சுதந்திர வணிக ஒப்பந்தத்தின்கீழ் 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கிவிட்டது. சரக்குக்குத் திறந்த வாசல் மனிதருக்கும் திறக்க வேண்டும். ருவாண்டா போன்ற சில நாடுகள் ஆப்பிரிக்கர் அனைவருக்கும் விசா தேவையில்லை என்று அறிவித்திருப்பது நல்ல தொடக்கம்.

ஆப்பிரிக்க மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். அவர்கள் எல்லோரும் விமானம் ஏறப் போவதில்லை. ஏறியவர்கள் கொண்டுவரும் அறிவும் முதலும், ஏறாதவர்களுக்குச் சொந்த மண்ணிலேயே வேலையாக மாறுமா என்பதில்தான் இந்தப் புதிய அடையாளத்தின் மதிப்பு அடங்கியிருக்கிறது.