கோடையும் சீசனும்: பிள்ளையைப் பங்கிடுதல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

பிரிந்து வாழும் தாய் தகப்பனுக்கு இடையே பிள்ளையின் கோடை விடுமுறையைப் பங்கிட்டு நீதிமன்றங்கள் இடும் உத்தரவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பள்ளி நாட்களில் பிள்ளை தாயிடம். வார இறுதியில் சில மணி நேரம் தகப்பன் பார்த்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் முதல் பாதி ஒருவருக்கு, பின்பாதி மற்றவருக்கு. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் தென்காசியில் உட்கார்ந்து படித்தால் இடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில், கோடைமழை பெய்தாலொழிய, குற்றாலத்துப் பேரருவி வெறும் பாறை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே இறங்கிச் சாரல் விழத் தொடங்கும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது. "சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்று ஊர் உலகமெல்லாம் கேட்கிற நாட்களில் உத்தரவில் பிள்ளைக்கு இடமில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாம். ஆனால் விடுமுறை என்பது யாருடைய காலம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளை அதிகாரிகளின் நாட்காட்டி நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் இன்றுவரை நாட்காட்டியாக நீடிக்கிறது. மே மாதத்தில் உயர்நீதிமன்றமும் உரிமையியல் நீதிமன்றங்களும் கோடை விடுப்பில் இருக்கும். அவசரத்துக்கு மட்டும் விடுமுறைக்கால நீதிமன்றம். ஆகவே பிள்ளையின் மே மாதத்துக்கான மனுவை மார்ச், ஏப்ரலிலேயே போட்டாக வேண்டும். தவறவிட்டால் உத்தரவு வரும்போது கோடை போய்விட்டிருக்கும்.

2

'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு முன்னால் சட்டம் கேட்ட கேள்வி 'யாருடைய பிள்ளை' என்பது. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் அதற்கு ஒரே பதில்தான்: தகப்பனுடையது. கணவனால் மூன்று பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட கரோலின் நார்ட்டன் எழுதியும் வாதாடியும் கொண்டுவந்த 1839ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டு மனுப்போட வழி செய்தது. அதிலும் ஒரு நிபந்தனை: விபசாரம் நிரூபிக்கப்பட்ட தாய் கேட்க முடியாது. 'அவ நடத்தை சரியில்லை' என்று நம்மூர் வழக்குகளில் இன்றும் எழுகிற வாதத்தின் வம்சாவளி இது.

இந்த வரலாற்றின் இரு முனைகளிலும் நிற்கும் ஒரு பெண் நமக்கு வேறு காரணங்களுக்காக அறிமுகமானவர்: அன்னி பெசன்ட். பாதிரியாரான கணவரை விட்டு 1873இல் பிரிந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தப்படி மகன் டிக்பி தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் பிள்ளைகள் மற்றவரிடம் போய்வர வேண்டும். இன்றைய விடுமுறை உத்தரவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைப்பது அரிது. ஆனால் அவர் நாத்திகம் பேசினார். 1877இல் கருத்தடை பற்றிய பிரசுரத்தை வெளியிட்டு வழக்கையும் சந்தித்தார். 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் இவற்றையே காரணமாக்கி மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் ஒப்படைத்தார். வளர்ந்த பிறகு பிள்ளைகள் இருவரும் தாயிடம் திரும்பி வந்தார்கள் என்பது சட்டத்துக்கு வெளியே நடந்த தீர்ப்பு.

சென்னையில் அதே பெண் எதிர்ப்பக்கம் நின்றார். அடையாற்றில் பிரம்மஞான சபையில் வேலை பார்த்த நாராயணையா, 1910இல் தம் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் பாதுகாப்பையும் பெசன்ட்டிடம் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மனம் மாறி 1912இல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913இல் தகப்பனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு, மேல்முறையீட்டிலும் அதுவே. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, அவர்கள் தரப்பையும் கேட்டிருக்க வேண்டும் என்றது. பிள்ளை எங்கே குடியிருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்கிற 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் விதிக்கு இந்த வழக்கு ஒரு பெரிய உதாரணம். பிள்ளைக்கு ஊர் உண்டு, வாய் உண்டு என்ற இரண்டையும் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. இரண்டையும் அடிக்கடி மறந்தும் போகிறது.

3

தகப்பன்தான் இயல்பான உரிமையாளன் என்பது காலங்காலமான தமிழ் மரபு என்று சொல்பவர்கள் தென்காசியிலிருந்து சில மைல் மேற்கே பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்தில் நாயர்களிடமும் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள் வழி நடப்பில் இருந்தது. நாயர் தறவாட்டில் பிள்ளை தாய் வீட்டுக்குச் சொந்தம், தகப்பன் வந்துபோகிறவன். இதைப் பெண்ணின் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. அதிகாரம் தாயிடம் இருக்கவில்லை, தாய்மாமனிடம் இருந்தது. 1912, 1925 ஆண்டுகளின் நாயர் சட்டங்கள் தறவாட்டைத் தளர்த்தித் தகப்பனைக் குடும்பத்தின் நடுவே கொண்டுவந்தன. ஆக, 'இயல்பான காப்பாளர்' இயல்பாக வந்தவர் அல்ல; சட்டத்தால் ஆக்கப்பட்டவர்.

இந்தப் பக்கம் தாலியைத் திருப்பிக் கொடுத்து, ஊர்க்கூட்டத்தில் 'தீர்த்துவிடுதல்' பல சாதிகளில் சாதாரணம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வழக்காற்று விவாகரத்தைத் தொடவில்லை. கைப்பிள்ளை தாயோடு போகும்; வளர்ந்ததும் தகப்பன் வீட்டார் வந்து கேட்பார்கள். தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களிடம் வளர்ப்புரிமை வேறு, காப்பாளர் உரிமை வேறு. ஹனஃபி முறைப்படி ஆண்பிள்ளை ஏழு வயது வரை, பெண்பிள்ளை பருவமடையும் வரை தாயிடம். காப்பாளர் மட்டும் எப்போதும் தகப்பன். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டத்தின் ஆறாம் பிரிவும் தகப்பன், அவருக்குப் 'பிறகு' தாய் என்றே எழுதியது. ஐந்து வயது வரை மட்டும் பிள்ளை சாதாரணமாகத் தாயிடம். வளர்ப்பவள் ஒருத்தி, உடையவன் ஒருவன் என்ற பிரிவினையில் மதங்கள் ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம் 'பிறகு' என்ற சொல்லை 'தகப்பன் இல்லாத நிலையில்' என்று விரித்து வாசித்தது. வாசிப்புத்தான் மாறியது, எழுத்து மாறவில்லை.

4

இந்தப் பின்புலத்தில் கோடைப் பங்கீட்டைத் திரும்பப் பார்ப்போம். தாய்க்குப் பள்ளி நாட்கள், தகப்பனுக்கு விடுமுறை என்கிற ஏற்பாட்டில் தாய்க்கு வருவது சீருடை துவைப்பதும் வீட்டுப்பாடமும் காய்ச்சலும். தகப்பனுக்கு வருவது ஐஸ்கிரீமும் சினிமாவும். "அம்மா திட்டுவா, அப்பா வாங்கித் தருவார்" என்று பிள்ளை சொன்னால் அது பிள்ளையின் குணமல்ல, உத்தரவின் விளைவு. மறுபக்கம், பிள்ளையின் படிப்பு, பயம், சிநேகம் எதுவும் தெரியாமல் விருந்தாளியாகவே நின்றுவிடும் தகப்பனுக்கும் இது இழப்புத்தான்.

கோடை என்றால் இங்கே ஆச்சி வீடு. தாயின் ஊருக்குப் போய்ப் பதநீர் குடித்து, மாமன் பிள்ளைகளோடு வெயிலில் கிடப்பது. பிரிவுக்குப் பின் பாதிக் கோடை தகப்பனுக்கு என்று ஆகும்போது அந்த வீடு சுருங்குகிறது. தாயும் பிள்ளையும் ஏற்கனவே ஆச்சி வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்றால் 'லீவுக்குப் போகிற இடம்' என்பதே இல்லாமல் போகிறது. இந்த வட்டாரத்தின் பல வீடுகளில் தாய் பீடி சுற்றுகிறவள். அவளுக்கு மே மாதம் விடுமுறை அல்ல. பெண்பிள்ளை வீட்டிலிருந்தால் தட்டு அவள் மடிக்கும் வரும். தகப்பன் வளைகுடாவில் இருந்தால் கம்பெனி கொடுக்கிறபோதுதான் அவனுக்கு லீவு. மாதச் சம்பளக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதிய பாதிப் பாதி யாருக்குப் பொருந்தும்?

சட்ட ஆணையம் 2015 மே மாதம் தந்த 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பையும், சமரசப் பேச்சையும், முன்கூட்டியே வகுக்கும் வளர்ப்புத் திட்டத்தையும் பரிந்துரைத்தது. 2020இல் உச்சநீதிமன்றம் பிள்ளைக்கு இரு பெற்றோரின் அன்பும் உரிமை என்றது. நேரில் பார்க்க முடியாத பெற்றோர் தொலைபேசியிலும் காணொளியிலும் பேச வழிசெய்ய வேண்டும் என்றது. நல்லது. ஆனால் திட்டம் வகுக்கும் மேசையில் பிள்ளை எங்கே உட்காரும்?

சிற்றாற்றுப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் முறை பேசுவது. அந்த நிதானம் நமக்கு வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நிலம் உள்ளவன் மட்டுமே பேசினான் என்பதையும் மறக்கலாகாது. பிள்ளையைப் பற்றிய கூட்டத்தில் பிள்ளைதான் நிலமில்லாதவர்.

எனவே கேட்க வேண்டியவை எளியவைதான். மனு கோடைக்கு முன்பே விசாரிக்கப்பட வேண்டும். நாட்களோடு வேலையும் பங்கிடப்பட வேண்டும்: ஒரு பள்ளி வாரம் தகப்பனுக்கும், ஒரு முழு ஓய்வு தாய்க்கும். சாரல் விழுகிற ஜூன், ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு ஊரின் பருவத்துக்காக ஒதுக்கப்பட வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. "அப்பா வேணுமா, அம்மா வேணுமா?" என்று கேட்டுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். "இந்த லீவுல எங்க போகணும், யார்கூட விளையாடணும்?" என்று கேட்கலாம். அதைக் கேட்க நீதிமன்றம் வேண்டியதில்லை. பிரிந்த இருவருமே இன்றைக்கே கேட்கலாம்.