யார் கணக்குப் போட்டது?

இப்போது பெரிய கட்டட வேலை என்றாலே 'பிம்' என்கிறார்கள். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கம். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஏ.சி., பிளம்பிங் ஆட்கள் எல்லோரும் தத்தம் பகுதியைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகச் செய்து, ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே ஓர் அட்டவணை போட வேண்டும்: எந்த உறுப்பை யார் செய்வது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரத்தோடு. இதை வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் 1980-ல் திறக்கப்பட்டது. அதன் முன்கூடத்தில் நான்காம் தள நடைபாலமும், அதற்கு நேர் கீழே இரண்டாம் தள நடைபாலமும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பிகள் இரண்டு பாலங்களையும் தாங்கின. இரும்பு வேலை செய்த நிறுவனத்தின் ஷாப் டிராயிங்கில் ஒவ்வொரு கம்பியும் இரண்டு துண்டாக மாறியது. கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்தே தொங்கியது.

ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியே பிடித்துத் தொங்குவது வேறு. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பாலத்து நட்டுகளுக்கு வந்த பாரம் இரண்டு மடங்கானது.

1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமைப்பே நகர விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் என்று விசாரணையில் தெரிந்தது. இணைப்பை இரும்பு நிறுவனம் கணக்கிடும் என்று இன்ஜினியர் தரப்பு நினைத்தது. இன்ஜினியர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று அந்த நிறுவனம் நினைத்தது. ஷாப் டிராயிங்கில் ஒப்புதல் முத்திரை இருந்தது. பின்னால் கணக்கு இல்லை. பொறுப்பான இன்ஜினியர்கள் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள்.

2008-ல் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கம் பிம் வேலைகளுக்காக ஈ202 என்ற ஒப்பந்தப் படிவத்தை வெளியிட்டது. மாடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதைச் செய்பவர் யார் என்று அதில் எழுத வேண்டும். விவரத்தின் அளவுக்கு 100 முதல் 500 வரை ஐந்து படிகள். 2018-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரமும் பொறுப்பு அட்டவணை கேட்கிறது.

ஆனால் ஒன்று. ஏ.சி. குழாய் உத்தரத்தில் இடித்தால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். நட்டு பாரம் தாங்குமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. தாங்காத நட்டும் திரையில் அழகாகவே தெரியும். ஆகவே அட்டவணையில் 'மாடல் செய்தவர்' என்ற பத்திக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: கணக்குப் போடுபவர் யார், மாற்றினால் மறுகணக்குப் பார்ப்பவர் யார். அந்தக் கட்டங்களில் ஒரு பெயர் எழுதாமல் கம்பி வெட்டக் கூடாது.