லினக்ஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குதல்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்

ஓர் ஊரில் இருக்கும் கணினியின் திரையை இன்னோர் ஊரிலிருந்து பார்த்து இயக்கும் ஏற்பாடே ரிமோட் டெஸ்க்டாப். விருதுநகர் மாவட்டத்தின் இந்தக் கரிசல் காட்டுக்கு லினக்ஸ் புதிதன்று. 2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ரிமோட் டெஸ்க்டாப் அமைக்க முனைவோர் பலரும் முதலில் திரையைத்தான் தேடுகிறார்கள். திரையை அனுப்பும் மென்பொருளான எக்ஸ்ஆர்டிபியையோ விஎன்சியையோ ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். சிக்கல் பாதையில் இருக்கிறது. செல்பேசி இணையத்திலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், வெளியிலிருந்து யாரும் நேரடியாக உள்ளே வர இயலாது. திருச்சுழியில் இருக்கும் கணினியே வாடகை சர்வர் ஒன்றுக்கு எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பைத் தொடங்கி, அதன் வழியே மதுரையில் இருப்பவரை உள்ளே விடுவதுதான் வழி. 2020இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த வயர்கார்டு விபிஎன்னும் இதற்கு உதவும்.

பொது முகவரி கிடைத்தவர்கள் எக்ஸ்ஆர்டிபியின் 3389 அல்லது விஎன்சியின் 5900 என்ற போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடுவது தவறு. பழைய விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும். திரைத் தரவை மறையாக்கம் செய்யாது. கடவுச்சொற்கள் வலையில் திருடப்பட்டதைக் கண்டே ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யுலோனென் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதினார். சாவிக்கோப்பு வழியாக மட்டுமே நுழைவு, திரைச் சேவை உள்முகவரியில் மட்டுமே: இந்த இரண்டும் முடிந்த பிறகே திரையைப் பற்றிப் பேசலாம்.

எனிடெஸ்க் போன்ற செயலி போதாதா என்று கேட்கலாம். ஒருமுறை உதவிக்குப் போதும். ஆனால் அதை வைத்து நடக்கும் மோசடி பற்றி 2019இல் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததை 2024இல் அந்நிறுவனமே தெரிவித்தது. தறிக்கூடம் ஒன்றின் கணக்கு இருக்கும் கணினியை நிரந்தரமாக அதன் பொறுப்பில் விடுவது சரியில்லை. மறையாக்கம் வேகத்தைக் குறைக்கும் என்ற வாதத்திலும் வலுவில்லை. பாரம் படத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய மேசைத்தளமும் குறைந்த வண்ண ஆழமும் அதைத் தணிக்கும். சிக்னல் மங்கிப் படம் வராத வேளையிலும் எஸ்எஸ்எச்சில் கட்டளை ஓடும். பாதையை முதலில் போட்டவருக்கு மட்டுமே இந்தச் சௌகரியம். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கும்படி பயாஸில் அமைக்க மறக்க வேண்டாம். இல்லையேல் பொத்தானை அழுத்த ஒருவர் நேரில்தான் போக வேண்டும்.