சீசனுக்கு ஒரு நகரம், நமக்கு ஒரு லயம்

பதுளைக்குப் போற ரயில் வட்டகொடைக்கு வந்தா, கதவோரம் நிக்கிற டூரிஸ்ட் ஆளுங்க கிரேட் வெஸ்டர்ன் மலையைப் படம் பிடிப்பாங்க. படத்தின் ஓரத்தில் நம்ம லயத்துத் தகரக் கூரையும் விழும். நுவரெலியாவின் சுற்றுலா வரலாற்றிலும் நாங்க அப்படி ஓரத்தில்தான் இருக்கோம். அதனால அந்த வரலாற்றை லயத்துப் பக்கமிருந்து ஒருமுறை பார்ப்போம்.

நுவரெலியா தானா வளர்ந்த டவுன் இல்ல. 1829இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், நோயில் விழுந்த வெள்ளையர் உடம்பு தேறும் இடமாகத் தொடங்கியது. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டார். 1873இல் ஆளுநர் கிரெகரியின் பெயரில் ஏரி வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், பூங்கா என்று எல்லாமே யோசித்துச் செய்த ஏற்பாடுகள்.

லயமும் யோசித்துச் செய்த ஏற்பாடுதான். பெரட்டுக்குக் கூப்பிட்டா உடனே வந்து நிக்கிற தூரத்தில ஆளுங்க இருக்கணும். அதுக்காகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராக்கள், வரிசையா. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தே வந்த சனம் அதில் குடியிருந்தது. நகரத்துக்கான செல்வம் அவங்க உழைப்பில் விளைந்த கோப்பியிலும் தேயிலையிலும்தான் வந்தது.

வெள்ளையர் போன பிறகும் இந்தப் பிரிவினை போகல. 1948 குடியுரிமைச் சட்டம் நம்மாளுங்கள நாடற்றவங்களா ஆக்கியது. பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் இன்னொரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியில் வேலை செய்ய முடியாது. ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். லயத்துக்கு ரோடு போட்டுத் தாங்கன்னு கேட்டா, அது தோட்டத்துப் பொறுப்புன்னு பதில் வரும். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

இதற்கிடையில் தோட்டத்துக் கட்டடங்களுக்கும் சுற்றுலாவில் இடம் கிடைத்தது. கந்தப்பளையில் பழைய தேயிலை ஃபேக்டரி ஒன்று ஹோட்டலானது. துரைமார் பங்களாக்கள் விடுதிகளாகின. லயங்கள் பெரும்பாலும் லயங்களாகவே நிற்கின்றன. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. காத்திருக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

ஏப்ரல் சீசனில் வாகன நெரிசல், குப்பை, தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி எல்லாரும் பேசுறாங்க. பேச வேண்டியதுதான். ஆனா அந்த ஹோட்டல்களில் அறை துடைக்கிற, பாத்திரம் கழுவுற பிள்ளைகள் பலர் எங்கிருந்து வர்றாங்க, இரவில் எங்க திரும்பிப் போறாங்க என்ற கேள்வியும் நகரத் திட்டத்துக்குள்ள வரணும். அவங்களுக்கு வேலை தர்ற ஹோட்டலுக்கு ஒரு முகவரி இருக்கு. அவங்க வீட்டுக்கு வர்ற கடிதம் இன்னும் தோட்டத்துப் பெயருக்குத்தான் வருது.